மங்களூரில் உட்கார்ந்து சாப்பிட்ட ஐஸ்கிரீம்

கோவையிலிருந்து மங்களூருக்கு விடிகாலையில் ஒரு இன்டர்சிட்டி ரயில் இருக்கிறது. பாலக்காடு, ஷொரணூர் தாண்டி, கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு என்று கடலை ஒட்டியே போய், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மங்களூர் சென்ட்ரலில் இறக்கிவிடும். அம்மா, அக்கா மகள், நான் மூவரும் கிளம்பியது உடுப்பி கிருஷ்ணரைப் பார்க்க. கோயில்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இங்கே ஐஸ்கிரீம் மட்டும். அதற்கே சொல்ல நிறைய இருக்கிறது.

மணிபாலில் படித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண், நாங்கள் மங்களூர் போகிறோம் என்றதுமே, "அக்கா, கோயிலெல்லாம் ஓடிப்போயிடாது. முதல்ல கட்பட் சாப்பிட்டுட்டு எனக்கு போன் பண்ணுங்க" என்றாள். அப்படி என்ன இருக்கிறது என்று அப்போது புரியவில்லை. ரயிலில் எதிர் சீட்டில் இருந்த காசர்கோட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே இரண்டு பேர் ஒரே பண்டத்தைச் சொன்னால் அதைத் தேடிப் போகத்தானே வேண்டும்.

லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு ஹம்பன்கட்டாவுக்கு ஆட்டோ பிடித்தோம். அங்கே மார்க்கெட் ரோட்டில் இருக்கிறது ஐடியல் ஐஸ்கிரீம். 1975-ஆம் வருஷம் மே முதல் தேதி பிரபாகர் காமத் என்பவர் ஆரம்பித்தது. ஊர்க்காரர்களுக்கு அவர் 'பப்பா மாம்'. லால்பாக்கில் இதே குடும்பம் நடத்தும் இன்னொரு கடைக்கு 'பப்பாஸ்' என்று பெயர் வந்ததும் அவரால்தான். 2021-ல் அவர் காலமானார். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். ஐடியலுக்கும் ஐந்து வருஷம் முன்னால், 1970-ல், சென்னை ராயபுரத்தில் ஒரு சின்ன இடத்தில் குச்சி ஐஸ் போட்டுத் தள்ளுவண்டியில் விற்க ஆரம்பித்த அருண் ஐஸ்கிரீம் இன்று எங்கேயோ போய்விட்டது. மங்களூர்க்காரர்கள் வேறு வழியில் போயிருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே வேரூன்றி, மேஜை நாற்காலி போட்டு, வருகிறவர்களை உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். எனக்கு இந்த வழி மனசுக்கு நெருக்கமாக இருந்தது.

கடைக்குள் நுழைந்ததும் ஒரு பெரியவர் வந்து மேஜையைத் துடைத்து, தண்ணீர் வைத்து, மெனு கார்டைக் கொடுத்தார். கார்டில் ஏகப்பட்ட பெயர்கள். நாங்கள் முழிப்பதைப் பார்த்து, "கோயம்புத்தூரா? மெட்ராஸா?" என்று கேட்டார். பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். அவருடைய தமிழில் கன்னடம் கலந்திருந்தது, ஆனால் சொல்ல வந்தது தெளிவாக வந்தது. "ரெண்டு கட்பட், ஒரு பர்ஃபே போதும். மூணும் கட்பட் சொன்னா மிச்சம் ஆகும்" என்றார். அதிகமாக விற்கப் பார்க்காமல் குறைத்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது.

அம்மா வழக்கம்போல, "எனக்கு வேண்டாங் கண்ணு, தொண்டை கட்டிக்கும்" என்றார். அந்தப் பெரியவருக்கு அது புரிந்தது. "அம்மா, இது கொஞ்ச நேரம் வச்சு சாப்பிடறதுதான். அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, பர்ஃபே ஐஸ்கிரீமை வைக்கும்போது கூடவே ஒரு டம்ளர் வெந்நீரும் கொண்டுவந்து அம்மா பக்கமாக வைத்தார். யாரும் கேட்கவில்லை. அம்மா அன்று பர்ஃபேயையும் முடித்து, என்னுடைய கட்பட்டிலும் பாதி சாப்பிட்டார்.

கட்பட்டைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். உயரமான கண்ணாடி டம்ளர். அடியில் சிவப்பு ஜெல்லித் துண்டுகள், அதன்மேல் பொடியாக நறுக்கிய பழங்கள். பிறகு ஒரு உருண்டை ஐஸ்கிரீம். அதற்கு மேல் முந்திரி, திராட்சை. மறுபடியும் வேறு நிறத்தில் ஒரு உருண்டை, மறுபடியும் பழம், உச்சியில் இன்னொரு உருண்டை, அதன்மேல் சிரப்பும் ஒரு செர்ரியும். டம்ளரின் அடி வரை எட்டுகிற மாதிரி நீளமான ஸ்பூன் தருகிறார்கள். முதலில் மேல் உருண்டையை மட்டும் சாப்பிட்டேன். நல்ல வெனிலா, அவ்வளவுதான். விஷயம் அதற்கு அப்புறம்தான். நாம் பேசிக்கொண்டே சாப்பிடச் சாப்பிட, மேலே இருப்பது மெதுவாக உருகிப் பழத்துக்குள் இறங்குகிறது. நடு டம்ளருக்கு வரும்போது வெனிலாவும் ஸ்ட்ராபெரியும் கலந்த பாலில் ஊறிய ஆப்பிள் துண்டும் முந்திரியும் சேர்ந்து ஸ்பூனில் வருகின்றன. கடைசியில் ஜெல்லி. அது உறையாமல் குளிர்ச்சியாக மட்டும் இருப்பதால் பல் கூசாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அவசரமாகச் சாப்பிட்டால் இந்த ருசி கிடைக்காது. கையில் வாங்கிக்கொண்டு நடந்தாலும் கிடைக்காது. இதற்கு நாற்காலி வேண்டும், எதிரே ஆள் வேண்டும், கால் மணி நேரமாவது வேண்டும்.

பக்கத்து மேஜையில் வயதான தம்பதி. அவர்கள் எதுவும் சொல்லாமலேயே ஆர்டர் வந்தது. ஒரு டம்ளர், இரண்டு ஸ்பூன். அந்த அம்மா செர்ரியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். ஐயா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எத்தனையோ வருஷமாக நடக்கிற ஏற்பாடு என்று பார்த்தாலே தெரிந்தது. எங்களுக்குப் பரிமாறிய பெரியவர் போகிற போக்கில் அவர்களிடம் கொங்கணியில் ஏதோ கேட்டார், அந்த அம்மா சிரித்தார். அடுத்த மேஜையில் துளு, அதற்கடுத்து பியாரி பேசும் ஒரு முஸ்லிம் குடும்பம், கல்லாவில் கன்னடம், எங்கள் மேஜையில் கொங்குத் தமிழ். ஒரு ஊரின் எல்லாப் பேச்சையும் ஒரே அறையில் கேட்க வேண்டுமென்றால் இந்த மாதிரிக் கடையில்தான் உட்கார வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் கத்ரி கோயில் முடித்து லால்பாக் பப்பாஸுக்குப் போனோம். வாசலில் நல்ல கூட்டம். மேஜை காலியாகிற வரைக்கும் நிற்க வேண்டியிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை, உள்ளே சாப்பிடுகிறவர்களை முறைத்துப் பார்க்கவும் இல்லை. பரிமாறுகிற பையன்களும் சாப்பிட்டு முடித்தவர்களைக் கிளப்ப அவசரப்படுத்தவில்லை. காலி டம்ளரை எடுக்கும் முன் ஒவ்வொரு மேஜையிலும் கேட்டுவிட்டே எடுத்தார்கள். பிறந்தநாள் சட்டையோடு ஒரு குழந்தை, கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பெரிய கும்பல், கல்யாண ஜவுளிப் பைகளோடு ஒரு குடும்பம். அந்த ஊரில் எந்த நல்லது நடந்தாலும் இங்கே வந்துதான் முடியும் போல. அக்கா மகள் இளநீர் ஐஸ்கிரீம் கேட்டாள். ஒரு வாய் வைத்ததும், "அம்மிச்சி, இதுல நெஜமாவே வழுக்கை இருக்கு!" என்று அம்மாவுக்கு ஊட்டிவிட்டாள். இருந்தது. மெல்லிய வழுக்கைத் துண்டுகள், இனிப்பு அளவாக, இளநீர் வாசம் தூக்கலாக.

இளநீர் என்றதும் இன்னொரு பெயர் சொல்ல வேண்டும். உடுப்பிக்குப் போகிற நெடுஞ்சாலையில் முல்கி வரும். நேச்சுரல்ஸ் ஐஸ்கிரீமைத் தொடங்கிய ரகுநந்தன் காமத் அந்தப் பக்கத்துக்காரர். அப்பா பழ வியாபாரி. எந்தப் பழம் எப்போது பழுக்கும், எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்பதெல்லாம் அப்பாவிடம் கற்றது. சின்ன வயதிலேயே மும்பைக்குப் போய் அண்ணன் ஓட்டலில் வேலை பார்த்து, 1984-ல் ஜூஹுவில் சொந்தக் கடை போட்டார். ஐஸ்கிரீமுக்காக மட்டும் ஜனங்கள் வர மாட்டார்கள் என்று முதலில் பாவ் பாஜியும் சேர்த்தே விற்றிருக்கிறார். காரம் சாப்பிட்டவர்கள் தானாகவே குளிர்ச்சி கேட்பார்கள் அல்லவா. 2024 மே மாதம் அவர் மறைந்தார். பஸ் முல்கியைத் தாண்டும்போது இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பழம் பாக்கத் தெரிஞ்சவன் கையில எது செஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. உடுப்பியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கடையில் ஏறினோம், பெயர் வேண்டாம். கப்பைத் திறந்ததுமே மேலே வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. வாயில் போட்டால் நறநறவென்று மணல். ஒரு தடவை உருகி மறுபடியும் உறைந்த ஐஸ்கிரீம் இப்படித்தான் ஆகும். ஆலையில் வேகமாகக் கடைந்து உறையவைக்கும்போது அதிலுள்ள தண்ணீர் நாக்குக்கே தெரியாத அளவு நுண்ணிய பனித் துகள்களாக இருக்கும். கரண்ட் போய் வந்தாலோ, ஃப்ரீசர் மூடியைத் திறந்தே வைத்தாலோ அவை உருகி, மறுபடி உறையும்போது பெரிய பெரிய கட்டிகளாகச் சேர்ந்துவிடும். அப்புறம் எந்த ஃப்ரீசரில் வைத்தாலும் பழைய மென்மை திரும்பாது. கப்பைத் திருப்பிப் பார்த்தேன். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. நம் நாட்டு விதிப்படி சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், ஒரு லிட்டர் 525 கிராமுக்குக் குறையவும் கூடாது. பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தால் ஐஸ்கிரீம் என்று போட முடியாது. ஃப்ரோசன் டெசர்ட் விற்பதில் தப்பே இல்லை. ஆனால் நாங்கள் கேட்டது ஐஸ்கிரீம். கடைக்காரரிடம் காட்டினோம். "எல்லாம் ஒண்ணுதான்" என்றார். குழந்தைகள்தான் இதை அதிகம் சாப்பிடுகிறார்கள். வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், தயவுசெய்து.

உடுப்பியைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. கட்பட் பிறந்தது மங்களூரில் இல்லை, உடுப்பி டயானா ஓட்டலில் என்று உடுப்பிக்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஒரு கூட்டம் வந்து ஐஸ்கிரீம் கேட்டிருக்கிறது. எந்த ஒரு வகையும் அத்தனை பேருக்கும் போதுமான அளவு இல்லை. இருந்த எல்லாவற்றையும் டம்ளர்களில் அடுக்கி, பழமும் முந்திரியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டவர்கள் அடுத்த முறையும் அதையே கேட்டார்கள் என்பது கதை. கிருஷ்ணர் கோயிலில் ஒன்பது துளை ஜன்னல் வழியாக சாமி பார்த்துவிட்டு ரத வீதிக்கு வந்தபோது எங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னவர் பூ விற்கிற ஒரு அம்மா. எந்த மேஜையில் என்ன நடந்தது என்று தானே நேரில் பார்த்த மாதிரி சொன்னார். வந்தவர்களை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்த ஒரு கடை என்பதே எனக்கு அந்தக் கதையில் பிடித்தது.

எங்கள் ஊரிலும் இப்படி உட்கார்ந்து சாப்பிடுகிற ஐஸ்கிரீம் கடைகள் இருந்தன. கண்ணாடிக் கிண்ணத்தில் ஃப்ரூட் சாலட், ஓரத்தில் விசிறி மாதிரி வேஃபர். இப்போது பெரும்பாலும் கவுன்டரில் கப்பை வாங்கி வண்டி மேல் சாய்ந்துகொண்டு சாப்பிடுவதுதான். வாடகை ஏறிவிட்டது, மேஜை போட்டால் கட்டுப்படியாகவில்லை என்று கடைக்காரர்கள் சொல்வது நியாயம்தான். அப்படியிருந்தும் மங்களூரில் அரை நூற்றாண்டாக மேஜை போட்டுப் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கூட்டமும் குறையவில்லை. மிச்சமிருக்கிற நம்மூர்க் கடைகளுக்கு வீட்டோடு போய் உட்காருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

போகிறவர்களுக்கு இரண்டொரு தகவல். ஞாயிறு சாயங்காலம் பப்பாஸ் பக்கம் போனால் நிற்கத் தயாராகப் போங்கள். வேலை நாளில் மதியம் மூன்று மணி வாக்கில் நிம்மதியாக உட்காரலாம். மார்க்கெட் ரோடு கடை ஸ்டேஷனிலிருந்து ரொம்பப் பக்கம், ரயிலுக்கு நேரம் இருந்தால் அதுவே வசதி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு கட்பட் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி டம்ளர் வேண்டாம், இன்னொரு ஸ்பூன் கேட்டால் தருகிறார்கள்.

கிளம்புகிற அன்று அக்காவுக்காக ஒரு ஃபேமிலி பேக் கட்டித்தரச் சொல்லி மார்க்கெட் ரோடு கடையில் கேட்டோம். கல்லாவில் இருந்தவர், எந்த ஊர், எந்த ரயில் என்று விசாரித்தார். சொன்னோம். "தெர்மோகோல் டப்பாவில போட்டாலும் அவ்வளவு நேரம் தாங்காதும்மா. வீட்டுக்குப் போறதுக்குள்ள பாலாயிடும், அப்புறம் எங்க ஐஸ்கிரீம் நல்லா இல்லன்னு அவங்க நினைப்பாங்க. அவங்களை ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி, எடுத்த பணத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். மாம்பழ சீசனில் போகலாம் என்று அவளே நாள் பார்த்துவிட்டாள், அதே இன்டர்சிட்டியில்.