அப்பாவின் வேர்வை

மே 5, ஞாயிறு

கத்திரி தொடங்கி இரண்டு நாள். கல்லிடைக்குறிச்சியில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது.

சுகர் மாத்திரை போடுகிற அப்பா, மெட்டோப்ரோலால் என்கிற இதய மாத்திரையும் போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு தாளம் தப்புகிற நோய் என்று கண்டுபிடித்த அன்று நாடி 140க்கு மேல் தாறுமாறாக ஓடியது. இன்று காலை எண்ணினேன், 68. தாளம் இன்னும் சீராகவில்லை, வேகம்தான் அடங்கியிருக்கிறது. "ஏட்டி, பிடிச்சது போதும், காப்பி ஆறுது" என்று கையை உருவிக்கொண்டார்.

மே 8, புதன்

அதிகாலை மூன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பாவின் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மேலே ஃபேன் ஓடுகிறது, பக்கத்தில் அம்மை ஒரு சொட்டு வேர்க்காமல் தூங்குகிறாள். அதுதான் இடித்தது. கழுத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

சுகர் மெஷினில் 54தான் காட்டியது. எழுப்பி உட்காரவைத்து மூன்று ஸ்பூன் சீனியைக் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 81, அப்புறம் இரண்டு இட்லி. நாடி 66ஐத் தாண்டவே இல்லை.

"படபடன்னு வரலையாப்பா?"

"ஒண்ணும் இல்லட்டி. லேசாக் கிறக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

முன்பெல்லாம் சுகர் இறங்கினால் நெஞ்சு அடிக்கிற அடியில் அவரே எழுந்து சீனி டப்பாவைத் தேடுவார்.

மே 9, வியாழன்

டாக்டர் சுகர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். நடந்ததற்குக் காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார். இதய மாத்திரையை முதலில் எழுதிக் கொடுத்த இடத்தில் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம்மைக் கேட்காமலே உள்ளுக்குள் வேலை பார்ப்பது தானியங்கு நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் விரட்டும், இணைப்பரிவு நரம்புகள் அடக்கும். சர்க்கரை இறங்கினால் பரிவுப் பக்கம் விழித்துக்கொண்டு அட்ரினலினைக் கொட்டும். இதயத்தில் அதை வாங்கிக்கொள்கிற இடங்களுக்குப் பீட்டா ஏற்பிகள் என்று பெயர், அவற்றில் போய் அது உட்கார்ந்தால்தான் துடிப்பு ஏறும். மெட்டோப்ரோலால் பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி அந்த இடத்தை முன்னாடியே பிடித்துவிடுகிறது. அட்ரினலின் வந்தும் இதயத்துக்குச் சேதி போவதில்லை. இதே வகையில் ப்ரோப்ரனலால் மாதிரியான மாத்திரை என்றால் கை நடுக்கத்தையும் சேர்த்து மறைத்துவிடுமாம்.

வேர்வைச் சுரப்பிக்குப் போவதும் பரிவு நரம்புதான். ஆனால் அது அங்கே அசிட்டைல்கோலின் என்கிற வேறு ரசாயனம் மூலமாகப் பேசுகிறது, அதனால் இந்த மாத்திரை அதைத் தடுப்பதில்லை. அப்பாவின் உடம்பில் எங்களுக்கு மிஞ்சியிருக்கிற நல்ல அடையாளம் அந்த வேர்வை ஒன்றுதான். அதுவும் ஊரே வேர்த்துக் கிடக்கிற இந்த மாதத்தில்.

"அந்த மாத்திரையே வேண்டாம், நிறுத்திருவோம்" என்றாள் அம்மை. சட்டென்று நிறுத்தவே கூடாது. நாள்பட மூடிக் கிடந்த ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும், திடீரென்று திறந்தால் அட்ரினலின் முன்னைவிட வேகமாகத் தாக்கும். இதை அம்மையிடம் மூன்று தடவை சொன்னேன்.

மே 12, ஞாயிறு

எதிர்வீட்டு ஆச்சிக்கு டிகாக்சின் என்கிற வேறொரு இதய மாத்திரை. அது இணைப்பரிவுப் பக்கத்து மருந்து. இதயத்தை அடக்கிவைக்கிற வேகஸ் என்ற இணைப்பரிவு நரம்பின் பிடியை இறுக்கி, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகிற துடிப்புகளில் பலவற்றை வழியிலேயே நிறுத்துகிறது. இந்த இன மருந்து இருக்கிற செடியைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785லேயே எழுதிவிட்டார். ஆச்சி வீட்டு வேலியோரம் பூத்து நிற்கும் அரளியின் நஞ்சும் இதே இனம்தான். அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து என்பதால் மாத்திரையை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மே 17, வெள்ளி

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. இருட்டில் அப்பாவின் குரல்: "ஏட்டி, வேக்குது. மெஷின எடுத்துட்டு வா."

டார்ச் வெளிச்சத்தில் கழுத்தைத் தொட்டேன். ஈரமாக இருந்தது, ஆனால் கதகதப்பாக. மெஷினில் 126. அம்மையும் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை.

"புழுக்கம்தான்ப்பா."

"சரி. அந்தப் பனை விசிறிய இங்க கொடு."