ஊசி முனை தெரியாம தள்ளாத

"டாக்டரம்மா, நான் முழிச்சுக்கிட்டு இருக்கும்போதேவா கைய அறுப்பீங்க?"

போன வாரம் ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் பாக்கப் போனப்ப ஒரு பெரியவர் கேட்டது. 64 வயசு, பல வருஷமா சுகரு, ரெண்டு கிட்னியும் வேலை செய்யல, கழுத்துல டயாலிசிஸ் கதீட்டரோட உக்காந்திருந்தாரு. இடது கையில ஃபிஸ்டுலா போடணும், அதாவது மணிக்கட்டுல ஒரு ஆர்ட்டரியையும் (ஹார்ட்ல இருந்து ரத்தம் கொண்டு வர்ற குழாய்) ஒரு வெயினையும் (ரத்தத்தத் திருப்பிக் கொண்டு போற குழாய்) சேத்துத் தைக்கிறது, அது நல்லா பெருத்து வந்தாத்தான் டயாலிசிஸ் ஊசிய கையிலயே குத்த முடியும், கழுத்து ட்யூப எடுத்துறலாம். எக்கோல ஹார்ட் பம்பிங் 35 சதவீதம்தான்னு போட்டிருந்துச்சு, ரொம்பக் கம்மி. இவருக்கு முழு மயக்கம் குடுக்க எனக்கு மனசே வரல.

"ஆமாங்கய்யா, முழிச்சுத்தான் இருப்பீங்க, ஆனா அந்தக் கை மட்டும் தூங்கிரும்"னு சொன்னேன். அவரு நம்பல. மகன் பக்கம் திரும்பி "கை மட்டும் எப்பிடிடா தூங்கும்"னாரு.

இந்தக் கேள்விய எங்க வீட்டுலயே எத்தனையோ பேரு கேட்டாச்சு, அதான் இங்க எழுதிடலாம்னு தோணுச்சு. கைக்குப் போற நரம்பு எல்லாம் கழுத்துல இருந்துதான் கிளம்புது, சி5ல இருந்து சி8 வரைக்கும்னு பேரு வச்ச நாலு வேரு, அதுக்குக் கீழ டி1, மொத்தம் அஞ்சு. இந்த அஞ்சும் பின்னிப் பிரிஞ்சு, மறுபடி சேந்து, கடைசியில விரல் நுனி வரைக்கும் போகுது. இதுக்குப் பேரு பிரேக்கியல் ப்ளெக்ஸஸ். காலர் எலும்புக்குக் கொஞ்சம் மேல இது மொத்தமும் ஒரே கட்டா நெருக்கமா இருக்கிற ஒரு இடம் இருக்கு, அங்க மருந்தப் போட்டா முழங்கையில இருந்து விரல் வரைக்கும் மொத்தமா மரத்துரும். சுப்ராக்ளாவிகுலர் பிளாக்னு சொல்லுவோம். ஆனா அதே இடத்துல கைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் துடிச்சுக்கிட்டு இருக்கும், அதுக்குக் கீழ முதல் விலா எலும்பு, அதை ஒட்டியே நுரையீரலோட உறை. ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனா கதையே வேற.

1911ல குலென்காம்ஃப்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இந்த ஊசிய மொதல்ல தன்னோட உடம்புலயே போட்டுப் பாத்தாரு. அதுக்கப்புறம் பல பத்து வருஷம் உலகம் பூரா கிட்டத்தட்ட அதே மாதிரிதான், கையால தடவிப் பாத்து, துடிப்பத் தொட்டு, கணக்குப் பண்ணி உள்ள விடுறது. நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். பேஷன்ட் கிட்ட "கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு ஊசிய நகத்திக்கிட்டே போவோம், "ஆங், விரலு வரைக்கும் இழுக்குது"ன்னு அவரு கத்தினா ஊசி நரம்புக்கிட்ட வந்தாச்சுன்னு அர்த்தம், 30 மில்லி மருந்த உள்ள விடுவோம். பின்னாடி நரம்ப கரண்ட் வச்சுத் தூண்டி விரல் துடிக்குதான்னு பாக்கிற மெஷின் வந்துச்சு, அதுலயும் ஊசி எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியாது.

பிஜி ரெண்டாவது வருஷம். கொத்தனார் வேலை பாக்கிற தம்பி ஒருத்தன், சாரத்துல இருந்து விழுந்து முன்கையில ரெண்டு எலும்பும் உடைஞ்சு பிளேட் வைக்க வந்திருந்தான். நான்தான் பிளாக் போட்டேன். ஊசி உள்ள போகும்போது ஒரே ஒரு தடவை இருமினான். பிளாக் அருமையா வேலை செஞ்சுச்சு, ஆப்பரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது, எனக்கு அன்னிக்கு ரொம்ப சந்தோஷம். சாயந்தரம் வார்டுல இருந்து போன் வந்துச்சு, மூச்சு வாங்குறான்னு. எக்ஸ்ரே எடுத்தா அந்தப் பக்கத்து நுரையீரல் சுருங்கிக் கெடக்கு. நெஞ்சுல ட்யூப் போட்டாங்க, நாலு நாள் அதோட இருந்தான். அவன் பொண்டாட்டி கைக்குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்து, கோவமா கூட இல்ல, "கைதான மேடம் உடைஞ்சுது, நெஞ்சுல எதுக்கு ட்யூப் போட்டிருக்காங்க?"ன்னு கேட்டுச்சு. என் ஊசி பட்டுத்தான்மான்னு சொன்னேன். அந்தத் தம்பி நல்லாகி வீட்டுக்குப் போயிட்டான், ஆனா அந்த இருமல் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. இந்த ஊசியில நடக்கக் கூடியதுதான்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கும், எனக்கு அது ஆறுதலா இல்ல.

அதனாலதான் அல்ட்ராசவுண்ட் வச்சு மொத தடவை அந்த எடத்தப் பாத்தப்ப கொஞ்ச நேரம் ஊசியே எடுக்காம திரையவே பாத்துக்கிட்டு நின்னேன். காலர் எலும்புக்கு மேல ஜெல் தடவி மெஷினோட ப்ரோப (தோல் மேல வைக்கிற கைப்பிடி) வச்சா, நடுவுல கருப்பு வட்டமா ரத்தக்குழாய் துடிக்குது. அதுக்குக் கீழ வெள்ளைக் கோடா விலா எலும்பு, எலும்புக்குப் பின்னாடி இருட்டு. பக்கத்துல இன்னொரு வெள்ளைக் கோடு, ஆனா இது மூச்சுக்கு மூச்சு மினுமினுத்து நகருது, அதுதான் நுரையீரல் உறை. குழாய்க்கு வெளிப்பக்கமா சின்னச் சின்னக் கருப்பு உருண்டைங்க கொத்தா, திராட்சைக் குலை மாதிரி, அதுதான் நரம்பு. இதை எல்லாம் கண்ணு மூடிக்கிட்டு தேடிட்டு இருந்திருக்கோமேன்னு இருந்துச்சு.

ஊசிய ப்ரோபோட பக்கவாட்டுல இருந்து அதே தளத்துல விடணும், அப்பத்தான் முழு ஊசியும் கோடா தெரியும். தெரியுறது ஊசியோட நடுப்பகுதியா முனையான்னு ஏமாந்துறக் கூடாது, முனை அந்தத் தளத்த விட்டு வெளிய போயிருச்சுன்னா மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்ல. என் கிட்ட கத்துக்க வர்ற பிள்ளைங்க கிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், முனை தெரியலன்னா தள்ளாத, ஊசிய நிறுத்து, ப்ரோப அசைச்சு முனையத் தேடு. அப்புறம் விலா எலும்பும் ரத்தக்குழாயும் சேர்ற மூலையில கொஞ்சமா மருந்து விட்டா நரம்புக் கொத்து அப்படியே மெதந்து மேல வரும், அது பாக்கவே அழகு. 20 மில்லியிலயே வேலை முடியுது. மருந்து அளவு குறையுறது சின்ன விஷயம் இல்ல, மரத்துப் போக வைக்கிற இந்த பியூபிவகெய்ன் தப்பித்தவறி ரத்தத்துல நெறைய கலந்துட்டா வலிப்பு வரலாம், ஹார்ட் நின்னுறலாம், அதுக்காகவே 20 சதவீத லிப்பிட் (கொழுப்பு) மருந்த எப்பவும் பக்கத்துல வச்சிருப்போம்.

வியன்னாவுல 1994ல கப்ரால்னு ஒருத்தரும் அவரு கூட இருந்தவங்களும் 40 பேருக்கு இப்படி நேரா பாத்துக்கிட்டே பிளாக் போட்டதப் பத்தி எழுதினாங்க. அதே 1994லதான் நம்ம நாட்டுல வயித்துல இருக்கிறது ஆணா பொண்ணான்னு பாக்கிறதத் தடுக்கிற சட்டம் வந்துச்சு. அதனால கழுத்துல நரம்பு பாக்க மட்டும் வச்சிருக்கிற மெஷினா இருந்தாலும் பதிவு, ஃபார்ம், சீலுன்னு எல்லாம் உண்டு, நெனச்ச எடத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. அந்தச் சட்டம் வேணும், பொம்பளப் பிள்ளைங்கள இழந்த மாவட்டங்கள் நம்ம ஊருலயே இருக்கு. ஆனா வயித்தப் பாக்கவே முடியாத மாதிரி ப்ரோப் மட்டும் இருக்கிற மெஷினுக்கு ஒரு எளிய வழி வச்சா சின்ன ஊரு ஆஸ்பத்திரிங்களுக்கும் இது போய்ச் சேரும்.

சரி, பெரியவருக்கு வர்றேன். ஃபிஸ்டுலாவுக்கு வெட்டுற எடத்துல மட்டும் ஊசி போட்டும் பண்ணலாம், நெறைய எடத்துல அப்படித்தான் பண்றாங்க. ஆனா பிளாக் போட்டா ரத்தக்குழாய இறுக்கி வைக்கிற நரம்பும் சேந்து தூங்கிருது, வெயின் விரியுது. கிளாஸ்கோவுல 126 பேர வச்சு ரெண்டையும் ஒப்பிட்டு 2016ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில போட்டாங்க, மூணு மாசம் கழிச்சுப் பாத்தப்ப பிளாக் போட்டவங்கள்ல 84 சதவீதம் பேருக்கு ஃபிஸ்டுலா ஓடிக்கிட்டு இருந்துச்சு, மத்தவங்கள்ல 62 சதவீதம். கழுத்து ட்யூபோட அலையுற ஒருத்தருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு டயாலிசிஸ் வார்டுல ஒரு நாள் இருந்தா தெரியும்.

பிளாக் போட்டு இருபது நிமிஷத்துல அவரு கை கட்டையாயிருச்சு. உள்ளங்கை சூடாயி, வெயின் எல்லாம் புடைச்சு வந்துச்சு. "கைய ஏன்மா மடக்கியே வச்சிருக்கீங்க"ன்னாரு, கை நேரா நீட்டித்தான் இருந்துச்சு. இது நெறைய பேருக்கு நடக்கும், கையில இருந்து சேதி வராததால அது எப்படி இருக்குன்னு மூளை தப்பா நெனச்சுக்கும். துணிய விலக்கிக் காட்டினப்புறம்தான் நம்பினாரு. அப்புறம் ஆப்பரேஷன் முடியுற வரைக்கும் பேத்தி கல்யாணத்தப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாரு.

போறப்ப மகன் கிட்ட ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேன், உணர்வு வர்ற வரைக்கும் கைய தூளியிலயே வச்சிருங்க, சூடான டம்ளர் எதையும் பக்கத்துல வைக்காதீங்க, சுட்டாலும் தெரியாது, அந்தப் பக்கத்துக் கண்ணு லேசா சொக்கின மாதிரி இருக்கலாம், குரல் கம்மலாம், ரெண்டும் மருந்து எறங்கினா சரியாயிரும், மூச்சு வாங்கினா மட்டும் அந்த நிமிஷமே கூப்பிடுங்க.

ராத்திரி எட்டு மணிக்கு அவரு இருந்த வார்டுக்குப் போனேன். கை இன்னும் வரல. வலது கை விரல தையலுக்கு மேல வச்சு, உள்ள ரத்தம் ஓடுற அந்த அதிர்வத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. "பூனைக்குட்டி மாதிரி உறுமுதும்மா"ன்னாரு. நானும் ஒரு தடவை தொட்டுப் பாத்தேன்.