இரண்டு உர்சுலாக்கள்

உர்சுலா என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரே ஆள்தான். வெளிர் ஊதா நிறத் தோல், நிமிர்ந்து நிற்கும் வெள்ளை முடி, இடுப்புக்குக் கீழே ஆக்டோபஸ் மாதிரி கால்கள். டிஸ்னியின் ‘லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் ஏரியலின் குரலைப் பிடுங்கிக்கொள்ளும் கடல் சூனியக்காரி. அதே பெயரில் ஒரு புனிதரும் இருக்கிறார் என்று மகளிடம் சொன்னேன். நம்பவே இல்லை.

சரி என்று வெனிஸ் நகரின் அகாதெமியா ஓவியக்கூடத்தில் இருக்கும் கர்பாச்சோ ஓவியத்தைப் போனில் காட்டினேன். 1495இல் வரைந்தது. உர்சுலா தூங்குகிறார். உயரமான கட்டில், கன்னத்தில் ஒரு கை. கட்டிலோரம் செருப்பு, கால்மாட்டில் கழற்றி வைத்த கிரீடம், கீழே ஒரு குட்டி நாய். வாசலில் தேவதூதர், கையில் குருத்தோலை. வரப்போகும் மரணத்தின் அடையாளம் அது. மகள் கண்ணில் பட்டது நாய் மட்டும்.

கொலோன் நகரில் ஹூணர்கள் அம்பெய்து கொன்ற இளவரசி என்கிறது கதை. கூடவே 11,000 கன்னியர் இறந்தார்களாம் (யாரோ எண்ணைத் தப்பாகப் படித்திருப்பார்கள் என்று சொல்வதுண்டு). கரவாஜியோ 1610இல், தன் கடைசிக் காலத்தில், அந்தக் கணத்தை வரைந்தார். நெஞ்சில் தைத்த அம்பை உர்சுலா குனிந்து பார்க்கிறார், அவ்வளவுதான். அலறல் இல்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் ஒன்று. புரூஜ் நகரில் இருக்கும் உர்சுலா பேழை (புனிதரின் எச்சங்களை வைக்கும் பெட்டி), மெம்லிங் ஓவியம் தீட்டியது, 1489. டிஸ்னி படம் 1989. சரியாக 500 வருஷம்!

லத்தீனில் இந்தப் பெயருக்குக் குட்டிப் பெண்கரடி என்று பொருள். கேட்டதும் மகள், “அப்போ ஆக்டோபஸ் இல்லையா?” என்றாள்.