பெரிய மீனை விடுவது: முன்னும் பின்னும் ஆட்டுவதை நிறுத்திய பிறகு

தூண்டிலில் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடும் பத்து கிலோ தாண்டிய மீன்கள் இப்போது கவிழாமல் நேராக நீந்திப் போகின்றன. கனமான ராடும் (தூண்டில் கோல்) நரம்பும் (தூண்டில் இழை) போட்டு இழுபறியைச் சுருக்கியது ஒரு காரணம். இழுபறி நீண்டால் தசையில் லாக்டிக் அமிலம் ஏறும்; சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு என்பதால் மீன் தேறவே நேரமாகும்.

ஆனால் பெரிய வித்தியாசம் தண்ணீருக்குள் பிடித்திருக்கும் விதத்தில்தான். வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. தண்ணீர் வாய் வழியே போய்ச் செவுள் வழியே வெளியேற வேண்டும்; பின்னால் இழுத்தால் அந்த ஓட்டம் தடைபடும். ஓடும் நீரில் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி அசையாமல் பிடித்தாலே போதும். தேங்கிய நீரில் படகை மெதுவாக ஓட்டி, அல்லது கரையோரம் நடந்து, மீனை முன்னோக்கி மட்டும் கொண்டுபோக வேண்டும். ஒரு கை வால் தண்டில், மறு கை மார்புத் துடுப்புகளுக்குப் பின்னால் வயிற்றுக்கு அடியில். விரல் செவுளுக்குள் போகவே கூடாது.

எப்போது விடுவது? முதல் துள்ளலில் விட்டால் கொஞ்ச தூரம் போய் வயிறு மேலாகக் கவிழும். செவுள் மூடி சீராகத் திறந்து மூட வேண்டும், பிடி தளர்ந்தாலும் மீன் நிமிர்ந்தே நிற்க வேண்டும், வாலை லேசாக அழுத்தினால் உதறிக்கொண்டு முன்னேற வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கையை எடுக்கலாம்.

லிப் கிரிப் (மீனின் தாடையைக் கவ்வும் பிடிகருவி) தலையைத் தண்ணீரில் அடக்க மட்டுமே. அதில் தொங்கவிட்டு எடை பார்த்தால் முழு பாரமும் தாடை மூட்டிலும் முதுகெலும்பிலும் விழும். அதற்குப் பதில் சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி (இரண்டும் செ.மீ.) 29,000-ஆல் வகுத்தால் கிலோவில் தோராய எடை வந்துவிடும். ஒல்லியான நீள மீன்களுக்குக் கணக்கு சற்றுப் பிசகும். போட்டோவுக்குத் தூக்கினாலும் படுக்கைவாட்டில், ஈரக் கையால், பத்து விநாடிக்குள். முடிச்சு போட்ட நைலான் வலை மேல்தோலின் வழவழப்பை உரித்துவிடும், பிறகு அங்கே பூஞ்சை பிடிக்கும். ரப்பர் வலைக்குச் செலவழிப்பது வீணாகாது.

லூரில் (செயற்கை இரை) ட்ரெபிள் ஹூக்கைக் (மும்முனைத் தூண்டில் முள்) கழற்றிச் சிங்கிள் (ஒற்றை முள்) போட்டு, பார்பை (முள் நுனியின் எதிர்க்கொக்கி) பிளையரால் நசுக்கிவிடலாம். நரம்பு தளராதவரை மீன் தப்பாது. உயிர் இரைக்கு சர்க்கிள் ஹூக் (நுனி உள்நோக்கி வளைந்த முள்). வெடுக்கென இழுக்காமல் ரீலைச் சுற்றினாலே வாயோரத்தில் ஏறும். விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை முடிந்தவரை ஒட்ட வெட்டுவதே நல்லது.

அடுத்த வேலை ஆழத்து மீன்களுக்கு. மேலே இழுத்து வரும்போது காற்றுப்பை வீங்கி இரைப்பை வாய்க்கு வெளியே தள்ளியிருக்கும். அதை ஊசியால் குத்தக் கூடாது. பார்ப் இல்லாத பெரிய ஹூக்கைத் தலைகீழாக ஈயக் குண்டோடு கட்டி, கீழ்த்தாடையில் மாட்டி, மீனை ஆழத்துக்கு இறக்கி, வெடுக்கென ஒரு இழுப்பில் கழற்றும் அமைப்பு தயாராகிறது. குண்டு லேசாக இருந்தால் மீன் மேலேயே மிதக்கும், அதனால் எடையைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.