பின்லாந்துக்கு என்ன குறை?

2018 முதல் 2025 வரை உலக மகிழ்ச்சி அறிக்கையில் முதலிடம் பின்லாந்துக்குத்தான். அதே நாட்டில் 2023 தேர்தலில் குடியேற்ற எதிர்ப்பு பேசும் பின்ஸ் கட்சி சுமார் 20 சதவீத வாக்குடன் இரண்டாமிடம் வந்தது. கூட்டணி ஆட்சியிலும் சேர்ந்தது. "வாழ்க்கையில் நொந்தவன்தான் இப்படிப்பட்ட கட்சிக்கு ஓட்டுப் போடுவான்" என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ! சரி, நாட்டின் சராசரி வேறு, தனி ஆளின் மனக்குறை வேறு என்று ஒரு பதில் இருக்கிறது.

எனக்கு பிரான்ஸ் கதைதான் சுவாரசியம். 2017 அதிபர் தேர்தல் முதல் சுற்றில் வலதுகோடியில் மரீன் லு பென் 21.3 சதவீதம், இடதுகோடியில் மெலான்ஷோன் 19.6. பொருளியலாளர்கள் யான் அல்கான், தனியேல் கோஹன் குழுவினர் வாக்காளர்களின் மனநிலையை ஆராய்ந்தார்கள். இரண்டு பக்கமும் வாழ்க்கைத் திருப்தி குறைவுதான். பிரித்தது வேறொன்று: சக மனிதர்கள் மீதான நம்பிக்கை. அது மிச்சமிருந்தவர்கள் மெலான்ஷோன் பக்கம் சாய்ந்தார்கள். யாரையுமே நம்பாதவர்கள், பணக்காரர், ஏழை, வந்தேறி எல்லோரையும் சந்தேகிப்பவர்கள், லு பென் பக்கம்.

ஆக, சம்பளத்தை உயர்த்தினால் மட்டும் இந்த ஓட்டு மாறிவிடாது என்றே நினைக்கிறேன். தொழிற்சங்கம் இல்லாத, நாள் முழுக்கத் தனியாகச் செய்கிற வேலைகள் பெருகினால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? பிரான்ஸில் 2018 நவம்பரில் எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் சட்டைக்காரர்கள் ரவுண்டானாக்களில் கூடினார்களே, அதில் பாதி ஈர்ப்பு பேச ஆள் கிடைத்ததுதான் என்பது என் ஊகம். மறுப்பவர்கள் கமெண்டில் வாருங்கள்.