தாளைத் தரமாட்டேன் என்ற பாட்டி

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு நண்பர்கள் வட்டம் உண்டு. பழைய மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனக் கொஞ்சப் பேர். இந்த முறை கண்காட்சிக்குத் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் கிடக்கும் பழைய காகிதங்களை வைப்போம் என்று வாயைக் கொடுத்தது நான்தான். "அப்ப நீங்களே சேர்த்துக்கொண்டு வாங்க மாஸ்டர்" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்கினேன். சம்பளத் துண்டு, கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் தந்தார்கள். பிரஜாவுரிமைத் தாள் என்றதும் முகம் மாறிவிடும். மாறாமல் என்ன செய்யும்? 1948இல் ஒரு சட்டம் வந்து, இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 2003 சட்டம் வரும்வரை எந்தப் பக்கமும் சேராமல் கிடந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர்.

ஒரு பாட்டி பிஸ்கட் டின்னைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய தாளை எடுத்து மடியில் விரித்தார். மடிப்புகளில் கிழிந்து நாலாகப் பிரியப் பார்த்தது. எப்போதோ ஒட்டிய செலோடேப் பழுப்பேறி, புருஷன் பெயரில் பாதியைத் தின்றிருந்தது.

"பார்த்துக்கங்க தம்பி. கொண்டு போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கி யாராச்சும் கேட்டா நான் எதக் காட்டுறது?"

சரி என்று அன்றோடு வழியை மாற்றினேன். அசலைக் கேட்பதில்லை. வாசல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி மேல் வைத்துப் படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டுக்கொண்டோம். தாமாகவே தந்தவர்களுக்குப் பொருள், அதன் நிலை, திருப்பித் தரும் திகதி எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்ட துண்டு ஒன்று கொடுத்தோம்.

நூலகர் இன்னும் கறார். குண்டூசி கூடாது, லெமினேட் கூடாது. மலை ஈரத்துக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். வெளிச்சம் 50 லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது, அதாவது மங்கலாகத்தான் இருக்க வேண்டும். இருட்டில் யார் வந்து பார்ப்பார்கள் என்று சண்டை போட்டுத் தோற்றேன். பழைய மை வெளுத்தால் திரும்ப வராது என்றார், அதற்குமேல் என்ன பேச? விளக்க அட்டைகளோ தனிக் கூத்து. ஆங்கிலத்தில் தேயிலைத் தோட்டத்தைப் பூந்தோட்டமாக்கி வைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி அடித்தோம்.

திறப்பு நாளில் அந்தப் பாட்டி பேத்தியோடு வந்தார். தன் தாளின் பிரதிக்கு முன்னால் நின்று, சொப்பிங் பேக்கிலிருந்து அசலை எடுத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. இதுக்கும் ஒரு துண்டு எழுதிக் குடுங்க தம்பி."

எழுதிக் கொடுத்தேன். மடித்து அசலோடு சேர்த்துப் பொலித்தீனுக்குள் வைத்துக்கொண்டார்.