கேதார்காந்தா: நடப்பது சுலபம், உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்

பனிக்கால மலையேற்றம் போகவேண்டும், முன்பின் பழக்கமில்லை என்று யாரிடம் கேட்டாலும் முதலில் கைகாட்டுவது கேதார்காந்தாவைத்தான். உத்தரகண்டில் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் பசு விஹார் காட்டுக்குள் இருக்கும் 12,500 அடிச் சிகரம். கயிறு பிடித்து ஏறும் இடமோ, எட்டிப் பார்த்தால் தலைசுற்றும் பள்ளமோ பாதையில் கிடையாது. தினமும் நாலு கிலோமீட்டர் வேகமாக நடக்கிறவர், படியேறினால் மூச்சு வாங்காதவர் தாராளமாகப் போகலாம். என்ன ஒன்று, பாதை சுலபம் என்பதற்காகக் குளிர் சலுகை காட்டாது.

டேராடூனில் விடிகாலை வண்டி ஏறினால் முசூரி, நௌகாவ், புரோலா, மோரி வழியாக சாங்ரி கிராமம் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க முழுக்க வளைவு. கொடைக்கானல் பஸ்ஸில் வயிற்றைப் புரட்டுகிறவர்கள் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்க வேண்டுமென்றால் புரோலாவிலேயே எடுத்துவிடுவது நல்லது. மோரிக்கு அப்புறம் டோன்ஸ் நதி கூடவே வருகிறது. வெயில் பட்டால் பச்சையாக, நிழலில் சாம்பலாக. வழியில் நைட்வாரில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது. பக்கத்திலேயே போக்கு தேவதா கோயில். அந்தச் சாமிக்கு முதுகைக் காட்டியபடிதான் பூஜை செய்வார்களாம், அவ்வளவு உக்கிரம்.

சாங்ரி 6,400 அடி உயரம். ஒரே ஒரு கடைத்தெரு, அதில் பாதிக் கடைகள் ஷூ, ஜாக்கெட், கைத்தடி வாடகைக்கு விடுகிறவை. கைத்தடி, ஜாக்கெட் வாடகைக்கு எடுங்கள், தப்பில்லை. ஷூ மட்டும் சொந்தமாக இருக்கட்டும், அதுவும் ஊரிலேயே போட்டு நடந்து பழகியதாக. புது ஷூ கொப்புளம் போடும். அடுத்தவர் காலுக்குப் பழகிய ஷூ அதைவிட மோசம்.

முதல் நாள் ஏற்றம் ஜூடா கா தாலாப் என்ற ஏரி வரை, 9,100 அடி. பைன் காடு, அப்புறம் ஓக் மரங்கள். ஜனவரியில் காலடியில் பனி கிராமத்தை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே ஆரம்பித்துவிடும். நடுநடுவே தார்ப்பாய் போட்ட டீக்கடைகள். மேகியும் ஆம்லெட்டும் கிடைக்கும். மலைக்குப் போனால் மனிதவாடையே இருக்காது என்று நினைத்து வருகிறவர்களுக்குச் சப்பென்று ஆகும். எனக்கு அந்த டீ வேண்டியிருந்தது. எங்கள் கைடு ‘ஆராம் ஸே, ஆராம் ஸே’ (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிக்கொண்டே முன்னால் கல்யாண ஊர்வலம் மாதிரி நடந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேகமாக நடந்தால் வியர்க்கும், நின்றதும் அந்த ஈரமே உடம்பைச் சில்லிட வைக்கும். வியர்க்காத வேகம்தான் சரியான வேகம். பனியன், ஜீன்ஸ் போன்ற பருத்தித் துணி வேண்டாம் என்று எல்லோரும் சொல்வதும் இதனால்தான். நனைந்தால் அந்தக் குளிரில் காயவே காயாது.

மதியம் இரண்டு, மூன்று மணிக்கு டென்ட் வந்துவிடும். உண்மையான மலையேற்றம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

நாலரை மணிக்குள் வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அதுவரை ஸ்வெட்டரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கூட்டம் பத்தே நிமிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுப் பையைக் கிளற ஆரம்பித்தது. உள்ளே தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் சட்டை, அதன்மேல் இறகு ஜாக்கெட், காதை மூடும் குல்லா. ஷூ லேஸை அவிழ்க்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார் கைடு. மேலிருந்துதான் உறையும், கவிழ்த்தால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். ஆறரைக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாடு, ரொட்டியும் ராஜ்மாவும். தட்டில் விழுந்த நெய் நாலாவது வாய்க்குள் கட்டிதட்டிவிட்டது. அப்புறம் விடியும்வரை செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

ராத்திரி மைனஸ் 5, மைனஸ் 10 வரை போகும். ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தராது, நம் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அதனால் பட்டினியாகவோ ஈர சாக்ஸோடோ உள்ளே நுழையக் கூடாது. சமையல் டென்ட்டில் வெந்நீர் கேட்டு வாங்கி, பாட்டிலை இறுக மூடி, சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்துக்கொண்டேன். போன், பவர் பேங்க், மறுநாள் போடும் சாக்ஸ் எல்லாமே பைக்குள் என்னோடுதான் படுத்தன. வெளியே விட்டால் பேட்டரி காலையில் செத்துக் கிடக்கும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். ஒரு சின்ன நிற்கும் டென்ட், உள்ளே குழி, பக்கத்தில் மண், ஒரு கரண்டி. தண்ணீர் கிடையாது, காகிதம்தான். நடு ராத்திரி போக வேண்டியிருக்கும் என்று பயந்து பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அது தலைவலியில் கொண்டுபோய் விடும். உயரத்தில் தண்ணீர் அதிகம் வேண்டும். எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். போனால் வானத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், இவ்வளவு நட்சத்திரம் நம் ஊரில் கிடைக்காது.

அடுத்த நாள் சுமார் 11,000 அடியில் இருக்கும் பேஸ் கேம்ப், அதாவது சிகரத்துக்குக் கிளம்பும் முகாம். உயரத்தில் காற்று மெலிவதால் இங்கே லேசான தலைவலியும் பசியின்மையும் சகஜம். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் என்று வந்தால் கௌரவம் பார்க்காமல் கைடிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு நிஜமான மருந்து கீழே இறங்குவதுதான். எங்கள் குழுவில் மிக உடல்வலு உள்ள பையனுக்குத்தான் இது வந்தது. ஜிம் உடம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சிகரத்துக்கு விடியுமுன் இரண்டரை, மூன்றுக்குக் கிளப்பிவிடுவார்கள். சூரிய உதயம் ஒரு காரணம். இன்னொன்று, ராத்திரிக் குளிரில் பனி கெட்டியாக இருக்கும். ஷூவில் மாட்டிய இரும்பு முள் அதில் நன்றாகக் கடித்துப் பிடிக்கும். வெயில் ஏறினால் அதே இடம் இளகி முழங்கால் வரை இறங்கும். மதியத்துக்கு மேல் மேகமும் காற்றும் வேறு. ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். கடைசி ஒரு மணி நேரம் செங்குத்து. இருபது அடி வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்குவேன். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

மேலே கற்குவியல், திரிசூலம், கட்டிய துணிகள். எதிரே ஸ்வர்காரோகிணி, பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிய மலை என்பார்கள். பக்கத்தில் பந்தர்பூஞ்ச், 6,316 மீட்டர். அதையும் தாண்டிய உயரத்தில் காலாநாக். முதல் வெளிச்சம் அந்த உச்சிகளில் விழுந்து கீழே இறங்கிவர நேரம் எடுத்துக்கொண்டது. போட்டோ எடுக்கக் கையுறையைக் கழற்றியவர்கள் எல்லோரும் அரை நிமிடத்தில் கையை அக்குளில் வைத்துக்கொண்டார்கள்.

இறங்கும்போது குதிகாலை முதலில் ஊன்றுங்கள், முழங்காலை லேசாக மடக்குங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பொசுக்கும், மூக்கின் அடிப்பக்கத்தைக்கூடக் கருக்கிவிடும்.

எப்போது போவது என்று கேட்டால், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வேண்டவே வேண்டாம் என்பேன். சிகரத்துக்குக் கீழே தர்மதரிசன வரிசை நிற்கும். டிசம்பரில் சில வருடம் பனியும் சரியாக விழுவதில்லை. ஜனவரிப் பிற்பகுதி அல்லது பிப்ரவரி, அதுவும் வாரநாளாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.